குருவம்மாளுக்குப் போட்ட ஊசி

பேச்சித்தாய் முதலில் கை நீட்டியிராவிட்டால் கால்கரைத் தெருவில் ஒருத்தியும் ஊசி போட்டுக்கொண்டிருக்க மாட்டாள்.

தென்காசிக்கு மேற்கே, குற்றாலம் போகிற ரோட்டிலிருந்து இறங்கி வயல் வழியாக நடந்தால் வருகிற தெரு அது. சிற்றாற்றிலிருந்து பிரிந்த கால்வாய் வீடுகளின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும். குடிப்பதும் குளிப்பதும் மாடு கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தான். ஜப்பான்காரனோடு யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். அரிசிக்கு எவ்வளவு திண்டாட்டம் என்றாலும் சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக் கூட்டம் குறைவதில்லை. அந்த ஆனி மாதம் அருவியில் குளிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் சத்திரத்தில் வாந்திபேதி கண்டு செத்துப்போனார். அடுத்தாற்போல் அந்தச் சத்திரத்தில் பாத்திரம் தேய்த்தவள் போனாள். அப்புறம் நோய் ஆற்றோடு ஆறாகக் கீழே இறங்கி வந்தது.

பேச்சித்தாய் நடவுப் பெண்களுக்குத் தலைவி. எந்த வயலுக்கு எத்தனை பேர், யார் யார் என்பதெல்லாம் அவள் வாய்ச்சொல்தான். நாற்பது வயது இருக்கும். பிள்ளை கிடையாது. புருஷன் இசக்கியப்பன் பட்டாளத்துக்கு வேலை செய்யும் கூலியாட்களோடு சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் எங்கேயோ ரோடு போட்டுக்கொண்டிருந்தான். ரயிலேறும் முன்னால் ஒருமுறை ஊருக்கு வந்திருந்தபோது இரண்டு புஜத்தையும் காட்டி, "ஆளுக்கு மூணு ஊசி குத்திட்டான்ட்டி. எருமைக்குச் சூடு போட்ட மாதிரி" என்று சொல்லிச் சிரித்தான். சுகாதார இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம் தோல்பையும் ஸ்பிரிட் விளக்குமாக வரப்பில் வந்து நின்று, காலரா ஊசி போட வந்திருப்பதாகச் சொன்னபோது மற்றப் பெண்கள் நாற்று முடிகளைப் போட்டுவிட்டு வயலின் மறுகரைக்கு ஓடினார்கள். புருஷன் குத்திக்கொண்டதைப் பார்த்திருந்த பேச்சித்தாய் மட்டும் சேற்றுக் காலோடு அப்படியே நின்றாள்.

"இதைப் போட்டா அந்தச் சீக்கு வராதா, ஐயா?"

"வராது" என்றார் அவர். பாளையங்கோட்டைப் பக்கத்து ஆள். இங்கே வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "கை கொஞ்சம் வலிக்கும். காய்ச்சல் அடிக்கும். பயப்பட வேண்டாம்."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். ஊசி ஏறும்போது கண்ணை மூடவில்லை. மறுகரையில் நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியில் மாடத்தி மட்டும் நின்றாள்.

மாடத்தி, இசக்கியப்பனின் சித்தப்பா மகன் கடற்கரை என்பவனின் பெண்டாட்டி. நடவில் அவள் குலவையிட்டால் இரண்டு வயல் தள்ளி இருப்பவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். புருஷன் கடற்கரை மாட்டுவண்டி ஓட்டுகிறவன். புளியங்குடிக்குச் சரக்கு ஏற்றிப் போயிருந்தான்.

"அவிய வரட்டும்க்கா. வந்ததும் கேட்டுட்டுப் போட்டுக்கிடுதேன்."

"அவன் வாரதுக்குள்ள இந்த ஐயா வேற ஊருக்குப் போயிருவாரு. நான் சொல்லுதேம்லா, வா" என்று பேச்சித்தாய் அவள் மணிக்கட்டைப் பிடித்து வரப்புக்கு இழுத்துவந்தாள். மாடத்தி சிரித்துக்கொண்டேதான் வந்தாள். ஊசி போட்டதும், "உங்களாலதான் இந்தக் குத்து வாங்குனேன். நாளைக்கு எம்பங்கு நாத்தையும் நீங்கதான் நடணும்" என்றாள்.

மறுநாள் யாருமே நடவில்லை. தெரு முழுக்க முனகல். கை தூக்க முடியவில்லை. அக்குளில் நெறிகட்டிக்கொண்டது. அனலாகக் காய்ச்சல். பறித்துப் போட்ட நாற்று வயலிலேயே கிடந்து பழுத்தது. பண்ணை வீட்டுக் காரியஸ்தர் தெருமுனையில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பெண்கள் படுத்த இடத்திலிருந்தே பேச்சித்தாயை ஏசினார்கள். அவளுக்கும் காய்ச்சல்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கஞ்சி குடித்தார்களா என்று பார்த்துவந்தாள். மாடத்திக்குத்தான் புஜம் அதிகமாக வீங்கியிருந்தது.

அதற்கும் மறுநாள் எல்லாருக்கும் காய்ச்சல் விட்டுவிட்டது. விடிந்ததும் மாடத்தியின் மகள் குருவம்மாள் ஓடி வந்தாள். "பெரியம்மா, எங்கம்மை வாந்தி எடுக்கா."

பேச்சித்தாய் போய்ப் பார்த்தாள். மாடத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வயித்தாலயும் போவுது அக்கா. ஊசிச் சூடு போல இருக்கு" என்றாள். பேச்சித்தாயும் அப்படித்தான் நினைத்தாள். மோரில் உப்புப் போட்டுக் கரைத்துக் கொடுத்தாள். குடித்தது அப்படியே வெளியே வந்தது. வயிற்றைக் குளிரவைக்க ஈரத்துணி போட்டாள். வெயில் ஏறும்வரை அப்படியே போய்விட்டது. அரிசி கழுவின தண்ணீர்போலப் பேதி போக ஆரம்பித்து, மாடத்தியின் கெண்டைக்கால் இரண்டும் கயிறாக முறுக்கிக்கொண்டபோதுதான் இது ஊசிச் சூடு இல்லை என்று பேச்சித்தாய்க்கு உறைத்தது. ஆள் அனுப்பினாள். ஞானசம்பந்தம் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது மாடத்தியின் கண் உள்ளே போயிருந்தது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் பிணத்தை உடனே எடுக்கவேண்டும் என்றார். புருஷன் வரவில்லை என்று தெருவே கெஞ்சியது. சட்டம் அப்படி இல்லை என்றார். சுண்ணாம்பு கொட்டிக் குழியில் இறக்கினார்கள்.

கடற்கரை மறுநாள் வண்டியை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தான். வெளியே வந்தபோது அவன் முகம் பேச்சித்தாய்க்கு அடையாளமே தெரியவில்லை. அவளை எப்போதும் மதினி என்றும் நீங்க என்றும் சொல்கிறவன், அன்று அவள் மடியில் இருந்த குருவம்மாளை வெடுக்கென்று பிடுங்கினான்.

"நீதான இழுத்துட்டுப் போயி குத்த வச்ச? அவ வேண்டாம்னு சொன்னாளாம்லா? எல்லாரும் சொல்லுதாவ. எம் புள்ளையத் தொடாத."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

தெரு அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டது. ஊசி போட்டவர்கள் தங்கள் வீங்கின கையைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டு, அடுத்தது யார் என்று காத்திருந்தார்கள். ஞானசம்பந்தம் மறுபடி வந்தபோது ஆண்கள் தெருவாசலில் நின்று சேற்றை வாரி வீசினார்கள். அவர் தொப்பி விழுந்தது. எடுக்காமலே போய்விட்டார்.

இரண்டொரு நாள் பொறுத்து, பேச்சித்தாய் தனியாகக் கிளம்பினாள். குற்றாலம் ரோட்டோரத்தில் நோயாளிகளுக்காகத் தென்னங்கிடுகில் கொட்டகை போட்டிருந்தார்கள். வாசலில் நின்று இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டாள். உள்ளே போகவில்லை.

"ஒண்ணு கேக்கணும். உங்க ஊசிதான் மாடத்தியக் கொன்னுச்சா?"

"இல்லம்மா."

"நெசத்தைச் சொல்லுங்க ஐயா. நான் அவளைக் கையப் பிடிச்சு இழுத்தவ."

"ஊசி உடம்புல வேலை செய்யறதுக்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுக்கு முன்னால அது கவசம் இல்ல. அவங்களுக்கு ஊசி போட்ட அன்னைக்கே, இல்ல அதுக்கு அடுத்த நாளு, கால்வாய்த் தண்ணியில நோய் உள்ள போயிருக்கும். அப்படித்தான் நான் நெனைக்கிறேன். அவங்க வயித்தைத் தெறந்து பாத்துச் சொல்ல எனக்குத் தெரியாது."

"போட்டா வராதுன்னுல்லா சொன்னீங்க?"

"சொன்னேன். வாரம் கழிச்சும் எல்லாரையும் அது காப்பாத்தாது. பாதிப் பேருக்கு மேல காக்கும். அதையும் சொன்னா ஒருத்தரும் கை நீட்ட மாட்டீங்கன்னு பயந்து சொல்லல."

பேச்சித்தாய்க்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒரு வாரம் ஆவும்னு சொல்லியிருந்தாலும் நான் அவளை இழுத்துட்டுத்தான் வந்திருப்பேன், ஐயா. ஆனா அன்னைக்குக் காலையில அவ வாந்தி எடுக்கையில, ஊசிச் சூடுன்னு நெனச்சு மோரைக் கரைச்சுக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேன். அப்பவே இங்கன தூக்கிட்டு வந்திருப்பேன்."

ஞானசம்பந்தம் தலையைக் குனிந்துகொண்டார். பேச்சித்தாய் திரும்பி நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது.

நோய் தெருவை விட்டுப் போகவில்லை. வடக்கு வரிசையில் ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் போனார்கள். கால்வாய்க்கரை வீட்டில் பிள்ளை பெற்று மாதம் ஆகாத ஒருத்தி போனாள். இவர்கள் யாரும் ஊசி போடாதவர்கள். நடவுக்காரிகள் பயந்து பயந்து நாளைக் கடத்தினார்கள். அவர்களில் ஒருத்தி படுத்தாள், பிழைத்து எழுந்தாள். மற்றவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சேறு வாரி வீசினவர்களில் ஒருவன், கொல்லை வழியாகத் தன் இரண்டு பிள்ளைகளையும் கொட்டகைக்குக் கூட்டிப் போனதைப் பேச்சித்தாய் பார்த்தாள்.

அதன் பிறகு சிலர் அவளிடம் வந்து கேட்டார்கள். யாரையும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. காய்ச்சல் வரும், கை வீங்கும், ஒரு வாரத்துக்கு ஊசியை நம்பிக் கால்வாய்த் தண்ணியக் குடிக்கக்கூடாது, காய்ச்சித்தான் குடிக்கணும், பேதி கண்டா ஊசியால வந்ததுன்னு நினைச்சு ஒரு நாழிகைகூட உக்காராதீங்க, ஊசி போட்டும் வரலாம். தெரிந்ததை எல்லாம் சொன்னாள். கேட்டுவிட்டுச் சிலர் போட்டுக்கொண்டார்கள், சிலர் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

கடற்கரை வீட்டு வாசலுக்கும் ஒருநாள் போனாள். அவன் வண்டி அச்சுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, குருவுக்கு மட்டும்..."

"போயிரு" என்றான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆடி பிறந்து ஒருநாள் காலையில் கடற்கரை களத்துமேட்டில் சுருண்டு கிடந்தான். பேதி. நோய் கண்டவனைத் தொட ஆள் இல்லை. பேச்சித்தாய்தான் அவன் வண்டியிலேயே வைக்கோலைப் பரப்பி, பக்கத்து வீட்டு மாடனைக் கெஞ்சி மாட்டைப் பூட்டவைத்து, அவனை ஏற்றினாள். வண்டி அசைவதற்கு முன் அவன் காதருகில் குனிந்தாள்.

"தம்பி, குருவு உங்கூடத்தான் ஒரே பானையில தண்ணி குடிச்சிருக்கா. அவளுக்கு ஊசி போடணும். போடட்டுமா?"

அவன் வண்டியின் பக்கவாட்டு ஊணிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. சரி என்கிறானா, வேண்டாம் என்கிறானா? அவன் கண்ணில் இருந்து அவளால் எதையும் எடுக்க முடியவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

குருவம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆறு ஏழு வயசுப் பிள்ளை. தாயின் மூக்கு. பேச்சித்தாய் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே வயல் வழியே நடந்தாள்.

கொட்டகையில் கடற்கரையின் கையில் நரம்பைத் தேடி உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஞானசம்பந்தம் வெளியே வந்தார். பிள்ளையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"இப்ப நான் எதையும் மறைக்கல" என்றார். "இவளுக்குள்ள நோய் ஏற்கெனவே போயிருந்தா இந்த ஊசி எட்டாது. போகலைன்னா, இனிமே வர்றதுக்குக் காவலா இருக்கும். எதுன்னு எனக்குத் தெரியாது. தகப்பனுக்குச் சம்மதமா?"

"அவன் வாயால சொல்லல."

"அப்ப?"

பேச்சித்தாய் கிடுகுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பிள்ளைக்கு நாளைக்கே ஏதாவது ஆகிவிட்டால், தாயையும் மகளையும் ஊசியால் கொன்றவள் என்ற பேர் அவள் சாகும்வரை போகாது. ஊராவது பரவாயில்லை. அவளாலேயே அவளை மன்னிக்க முடியாது. போடாமல் வீட்டுக்குக் கூட்டிப் போனால் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பிள்ளை செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்ததும் அவள் சுவரை விட்டு நிமிர்ந்து நின்றாள்.

"பெரியம்மா, அம்மைக்குப் போட்டது இதுதானா?" என்றாள் குருவம்மாள்.

"ஆமா, தாயி."

"நானும் செத்துப்போவேனா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டாள். "எனக்குத் தெரியாது, தாயி. நீ சாவ மாட்டன்னுதான் நெனைக்கேன். வலிக்கும். காய்ச்சல் வரும். நான் உன்னை விட்டு அங்கன இங்கன நகர மாட்டேன்."

குருவம்மாள் யோசித்துவிட்டு, எந்தக் கை என்று கேட்டாள்.

காய்ச்சல் வந்தது. பேச்சித்தாய் வேலைக்குப் போகவில்லை. தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாள். பிள்ளையின் புஜம் பனங்காய்போல வீங்கிச் சிவந்தது. தெருவில் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தில் இருந்ததைப் பேச்சித்தாய் படிக்க முயலவில்லை.

மறுநாள் மத்தியானம் பிள்ளை வாந்தி எடுத்தாள். பேச்சித்தாய் எதையும் யோசிக்கவில்லை. அவளை அப்படியே வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். நட்ட வயலுக்குள்ளேயே இறங்கி ஓடினாள், அவள் கையால் நட்ட பயிர்தான். கொட்டகை வாசலில் மூச்சு வாங்க நின்று, "வாந்தி எடுத்துட்டா, வாந்தி எடுத்துட்டா" என்று கத்தினாள். ஞானசம்பந்தம் பிள்ளையை வாங்கிப் படுக்கவைத்து, நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கி, நெடுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேதி போகவில்லை. வெறும் காய்ச்சல் வாந்தி. சாயங்காலம் குருவம்மாள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

பேச்சித்தாய் அப்போதுதான் அழுதாள். மாடத்தி போன நாளிலிருந்து அவள் அழுதிருக்கவில்லை.

கடற்கரை பிழைத்துக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் கிடந்த இருவர் பிழைக்கவில்லை. எலும்பும் தோலுமாக, ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தபோது ஆடி கடைசி. தெருவில் நோய் ஓய்ந்திருந்தது. குருவம்மாள் ஓடிப்போய் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். புஜத்தில் வீக்கம் வற்றி, ஒரு கன்றிய தடம் மட்டும் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போட்டுவிட்டியா?" என்று பேச்சித்தாயிடம் கேட்டான்.

"ஆமா. நீ சரின்னு சொன்னியா, வேண்டாம்னு சொன்னியா, எனக்குத் தெரியல. நானாத்தான் போட்டேன்."

"வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றான்.

அவன் மெல்லச் சுவரோரம் உட்கார்ந்தான். வெகுநேரம் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு வேறு குரலில் கேட்டான்.

"மதினி, மாடத்தி எப்படிப் போனா? யாரும் எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல."

பேச்சித்தாய் எதிரில் உட்கார்ந்து சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. வரப்பில் கையைப் பிடித்து இழுத்ததைச் சொன்னாள். ஊசிச் சூடு என்று நினைத்து ஒரு காலைப்பொழுது முழுக்க வீணாக்கினதைச் சொன்னாள். கால் முறுக்கிக்கொண்டபோது தானே நீவிவிட்டதைச் சொன்னாள்.

"என்னைக் கேட்டாளா?"

"கேட்டா. வண்டி வந்துட்டுதா, வண்டி வந்துட்டுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். அது ஒண்ணுதான் நான் பொய்யாச் சொன்னது."

கடற்கரை முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. பிள்ளை பயந்து பேச்சித்தாயிடம் வந்து ஒட்டிக்கொண்டாள். அழுது ஓய்ந்ததும் கோலை ஊன்றி எழுந்து, "எங்கன பொதச்சாங்க, காட்டுங்க" என்றான்.

மூன்று பேரும் ஆற்றங்கரைப் புறம்போக்குக்குப் போனார்கள். அந்த ஆனி ஆடியில் போனவர்களை எல்லாம் அங்கேதான் வரிசையாகப் புதைத்திருந்தார்கள். மழையில் மண் இறுகிப் புல் முளைத்துவிட்டது. தாழம்புதரிலிருந்து கிழக்கே கொஞ்சம் தள்ளிப் பேச்சித்தாய் ஒரு இடத்தைக் காட்டினாள். அவன் அங்கே நின்றான். மேற்கே மலையை மேகம் மூடியிருந்தது. குருவம்மாள் குளிரில் நடுங்கினாள். பேச்சித்தாய் முந்தானையை எடுத்து அவளைப் போர்த்தினாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் போகல, மதினி" என்றான் கடற்கரை, மண்ணைப் பார்த்தபடியே.

"போவாண்டாம், தம்பி."

"நான் வண்டி கட்டிப் போற நாள்ல குருவு உங்ககிட்ட இருக்கட்டும். எங்க அவளைத் தனியா விட்டுட்டுப் போவேன்?"

"இருக்கட்டும்" என்றாள் பேச்சித்தாய்.

மழை வலுத்தது. பிள்ளை நனைகிறாள் என்று அவன்தான் முதலில் சொன்னான்.